தொகுதி 72, பக்கம் 396

தருமபுரிக்கு அந்தக் காலப் பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படை திரட்டி வந்து இந்த ஊரை வென்ற போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ என்ற நூல் ஒன்று இருந்தது. முழு நூல் இன்று எவரிடமும் இல்லை. ஆனாலும் அதிலிருந்து 40-க்கும் மேற்பட்ட பாடல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ‘புறத்திரட்டு’ என்ற தொகுப்பைச் செய்த யாரோ ஒருவர், பல நூல்களிலிருந்து பாட்டுகளைப் பொறுக்கி எடுத்தபோது, எந்தப் பாட்டு எந்த நூலைச் சேர்ந்தது என்ற குறிப்பையும் விட்டுவைத்தார். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியரும் தகடூர் யாத்திரையைப் பெயர் சொல்லி எடுத்தாண்டார். ச. வையாபுரிப் பிள்ளை 1938-இல் புறத்திரட்டைப் பதிப்பித்தபோது அந்தக் குறிப்புகள் அச்சேறின. தொகுத்தவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர் எழுதிவைத்த நூற்பெயர் மட்டும் இல்லையென்றால், அந்தப் பாடல்கள் எந்தப் போரைப் பற்றியவை என்று இன்று ஊகித்துக்கொண்டுதான் இருந்திருப்போம்.

எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லிவைப்பதன் பலன் அவ்வளவு பெரிது. அறிவியலில் இதே வேலையைச் செய்வது கட்டுரையின் கடைசியில் பொடி எழுத்தில் வரும் மேற்கோள் பட்டியல். ஆராய்ச்சி மாணவர்கள் ‘ரெஃபரன்ஸ்’ என்று சொல்லி, தீசிஸ் முடிக்கும் கடைசி வாரத்தில் அவசர அவசரமாகத் தட்டச்சு செய்யும் பகுதி. வேதியியலில் இதற்கென்று தனி இலக்கணமே உண்டு. காற்புள்ளி எங்கே, அரைப்புள்ளி எங்கே, எது தடித்த எழுத்து, எது சாய்வெழுத்து என்று வரையறுத்து வைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்கு வெறும் சம்பிரதாயம் போலத் தெரியும். அதைத் தருமபுரி மாவட்டத்துத் தண்ணீரை வைத்தே பிரித்துப் பார்க்கலாம். ஏனென்றால் இந்த மாவட்டத்துக்கு நேர்ந்த ஒரு பெரிய துன்பத்தின் வேதியியல், நல்ல மேற்கோளையே நம்பி நிற்கிறது.

அந்தத் துன்பம் புளோரைடு. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் படிந்திருக்கும் பழுப்புக் கறையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பல ஆண்டுகள் அதே நீரைக் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும், முதுகு வளையும். இந்த நோய்க்குப் பெயர் புளோரோசிஸ். அடியில் கிடப்பது கெட்டிப் பாறை. அதிலுள்ள பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற தாதுக்களுக்குள் புளோரைடு பொதிந்திருக்கிறது. பாறை வெடிப்புகளுக்குள் நீர் வெகுகாலம் தங்கும்போது அது மெல்லக் கரைந்து வெளியே வருகிறது. நீரில் கால்சியம் போதிய அளவு இருந்தால் புளோரைடு அதனோடு சேர்ந்து கால்சியம் புளோரைடாகப் படிந்துவிடும். காரத்தன்மையும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரில் கால்சியம் முதலிலேயே சுண்ணாம்பாகப் படிந்து போய்விடுவதால், புளோரைடைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. இந்திய தர நிறுவனத்தின் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. காவிரி நீரைத் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொண்டுவர, ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் நிறைவேறி 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டதற்கு இதுவே காரணம். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு என்ற சொற்கள் இருக்கின்றன.

தருமபுரி நீரைப் பற்றி ஆய்வு செய்கிற எவரும் தம் கட்டுரையின் முதல் பத்தியில் எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு: இந்தியாவில் மனிதரிடம் இந்த நோய் முதன்முதலில் 1937-இல் சென்னை மாகாணத்தில் பதிவாயிற்று. வாக்கியத்தின் முடிவில் ஒரு சிறு எண். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போனால், அமெரிக்க வேதியியல் சங்கத்தின் முறையில் எழுதியிருந்தால், இப்படி இருக்கும்:

ஷார்ட், எச். இ.; பண்டிட், சி. ஜி.; ராகவாச்சாரி, டி. என். எஸ். தென்னிந்தியாவின் நெல்லூர் மாவட்டத்தில் நிலைகொண்ட புளோரோசிஸ். இந்தியன் மெட். கஸ். 1937, 72, 396–398.

இந்த ஒரு வரியில் வீணான எழுத்து ஒன்றும் இல்லை. முதலில் அரைப்புள்ளிகளைப் பாருங்கள். ஆசிரியர் ஒவ்வொருவரின் பெயரும் முன்பின்னாகத் திருப்பி எழுதப்பட்டிருப்பதால், பெயருக்குள்ளேயே ஒரு காற்புள்ளி வந்துவிட்டது. ஆசிரியர்களைப் பிரிக்கவும் காற்புள்ளியே போட்டால் எது பெயர், எது முதலெழுத்து, எத்தனை பேர் என்று குழம்பும். அதனால் ஆளுக்கு ஆள் அரைப்புள்ளி. அடுத்து கட்டுரையின் தலைப்பு. வேதியியல் ஆய்விதழ்கள் நீண்ட காலம் தலைப்பையே கேட்டதில்லை. ஆசிரியர், இதழ், ஆண்டு, தொகுதி, பக்கம் என்று சுருக்கமாக முடித்துவிடுவார்கள். தாளும் அச்சுக்கூலியும் மிச்சம். இப்போது அமெரிக்கச் சங்கத்தின் இதழ்கள் தலைப்பையும் எழுதச் சொல்கின்றன. இது நல்ல மாற்றம் என்றே எனக்குப் படுகிறது. எண்ணில் ஒரு பிழை நேர்ந்தாலும் தலைப்பை வைத்துக் கட்டுரையைக் கண்டுபிடித்துவிடலாம்.

இதழின் பெயர் சுருக்கப்பட்டிருக்கிறது. ‘இந்தியன் மெடிக்கல் கஸட்’ என்பது ‘இந்தியன் மெட். கஸ்.’ ஆகிவிட்டது. இந்தச் சுருக்கத்தை ஆளாளுக்கு இஷ்டப்படி செய்துகொள்ள முடியாது. 1907-இல் தொடங்கிய ‘கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ நிறுவனம் உலகின் வேதியியல் இதழ்களுக்கெல்லாம் சுருக்கப் பெயர் கொடுத்து ஒரு பெரும் பட்டியல் வைத்திருக்கிறது. ‘சயின்ஸ்’, ‘நேச்சர்’ போல ஒற்றைச் சொல்லாக இருக்கும் பெயர்களைச் சுருக்குவதில்லை. ‘கரண்ட் சயின்ஸ்’ என்ற நம் பெங்களூர் இதழ் ‘கர். சை.’ ஆகும். பிறகு தடித்த எழுத்தில் ஆண்டு, சாய்வெழுத்தில் தொகுதி எண், சாதாரண எழுத்தில் பக்கம். மூன்றும் எண்கள்தாம். மூன்றும் ஒரே மாதிரி இருந்தால், வேகமாகப் புரட்டுகிற கண் தொகுதியைப் பக்கம் என்றும் பக்கத்தை ஆண்டு என்றும் எடுத்துக்கொள்ளும். எழுத்தின் உருவத்தை மாற்றியதும் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி இதையே வேறு மாதிரி செய்கிறது: அங்கே முதலெழுத்து முன்னால் வரும், தடித்த எழுத்து தொகுதிக்குப் போகும். எது சிறந்தது என்ற சண்டை தேவையற்றது. ஒரு கட்டுரைக்குள் ஒரே முறை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டுரையின் உள்ளே அந்தச் சிறு எண் எங்கே உட்கார வேண்டும் என்பதிலும் வேதியியலில் ஓர் ஆபத்து இருக்கிறது. மற்ற துறையினர் பலர் மேலெழுத்தில் ஓர் எண்ணை எங்கே வேண்டுமானாலும் போட்டுவிடலாம். வேதியியலில் மேலெழுத்துக்கு ஏற்கனவே நிறைய வேலை உண்டு. கால்சியம் அயனியின் மேல் நிற்கும் 2 அதன் மின்சுமை. 10-இன் மேல் நிற்கும் 3 அதை ஆயிரமாக்கிவிடும். ‘கிணறுகளின் எண்ணிக்கை 10’ என்று எழுதி, அதன் மேல் மூன்றாம் மேற்கோளுக்கான எண்ணைப் போட்டால் படிப்பவர் என்னவென்று எடுத்துக்கொள்வார்? அதனால்தான் அமெரிக்க முறையில் எண்ணை நிறுத்தக்குறிக்குப் பின்னால் வைக்கச் சொல்கிறார்கள். எண்ணுக்கோ குறியீட்டுக்கோ அருகே அது வரும் நிலை ஏற்பட்டால் வாக்கியத்தையே மாற்றி அமைப்பது நல்லது. மேலெழுத்து வேண்டாம் என்பவர்களுக்கு, அடைப்புக்குறிக்குள் சாய்வெண் போடும் வழியும், ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் போடும் வழியும் அதே சங்கத்தின் கையேட்டில் உண்டு.

இனி 1937-க்கு வருவோம். ஆசிரியர் பெயரும் ஆண்டும் போதும் என்று ‘ஷார்ட் மற்றும் பிறர், 1937’ என எழுதினால் ஒரு சிக்கல். அதே ஆண்டில் அதே ஷார்ட் இன்னொரு கட்டுரையிலும் முதலாசிரியர். ஷார்ட், மெக்ராபர்ட், பர்னார்ட், நாயர் ஆகிய நால்வர் எழுதிய அது ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ இதழின் 25-ஆம் தொகுதியில், 553-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. அதன் தலைப்பில் இருப்பது சென்னை மாகாணம் முழுவதும். முன்னதன் தலைப்பில் இருப்பது நெல்லூர் மாவட்டம். முன்னது மூன்று பக்கச் சிறு கட்டுரை, பின்னது 16 பக்கம். ஒரு ஆய்வாளர் பின்னதைப் படித்துவிட்டு முன்னதன் பக்க எண்ணைக் கொடுத்தால், அவர் எழுதியதைச் சரிபார்க்கப் போகிறவர் தேடிய தகவல் கிடைக்காமல் திரும்புவார். 1937-ஏ, 1937-பி என்று பிரித்து எழுதும் பழக்கம் இதற்காகத்தான் வந்தது. பின்னாளில் வந்த கட்டுரைகளில் ஷார்ட்டின் ஆங்கிலப் பெயரில் இரட்டையாக வரவேண்டிய கடைசி எழுத்து ஒற்றையாகி, அதே பிழை அடுத்தடுத்த பட்டியல்களிலும் தொடர்வதைப் பார்க்கலாம்.

அந்தத் தொடர்ச்சியில் ஒரு பெரிய உண்மை ஒளிந்திருக்கிறது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003-இல் இதை எண்ணிப் பார்த்தார்கள். புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரையை மேற்கோள் காட்டிய சுமார் 4,300 பட்டியல்களை எடுத்தார்கள். அவற்றில் 196-இல் பக்க எண்ணோ தொகுதி எண்ணோ ஏதோ ஒன்று தவறு. தவறுவது மனித இயல்பு, அதில் வியப்பில்லை. வியப்பு எதிலென்றால், 196 தவறுகளில் வேறுவேறான தவறுகள் 45 மட்டுமே. ஒரே ஒரு தவறு மட்டும் 78 பட்டியல்களில் அச்சு அசலாக வந்திருந்தது. மூலக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிற 78 பேர் ஒரே இலக்கத்தை ஒரே மாதிரி தவறவிட முடியாது. இன்னொருவரின் பட்டியலைப் பார்த்து எழுதினால்தான் அது நடக்கும். இதிலிருந்து கணக்குப் போட்டு, மேற்கோள் காட்டுகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்ற மதிப்பீட்டுக்கு வந்தார்கள். ஒரு நோய் யாரிடமிருந்து யாருக்குப் பரவியது என்பதைக் கிருமியின் மரபணு மாற்றங்களை வைத்துக் கண்டுபிடிப்பதைப் போல, பிழைகளை வைத்தே யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதைவிட விசித்திரமானது இல்லாத கட்டுரையின் கதை. எல்சவியர் பதிப்பகம் ஆசிரியர்களுக்கான வழிகாட்டுக் குறிப்பில், மேற்கோளை எப்படி வடிவமைப்பது என்று காட்ட ஒரு மாதிரி வரியைக் கொடுத்திருந்தது. வான் டெர் கீர், ஹான்ராட்ஸ், லப்டன் என்று மூன்று ஆசிரியர்கள், ‘அறிவியல் கட்டுரை எழுதும் கலை’ என்று ஒரு தலைப்பு, 163-ஆம் தொகுதி, 51 முதல் 59 வரை பக்கங்கள். எல்லாம் கற்பனை. அப்படியொரு கட்டுரையும் இல்லை, அப்படியொரு இதழும் இல்லை. ஆனால் அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் ஏறக்குறைய 400 இருப்பதை டச்சு ஆய்வாளர் பீட்டர் குரோனன்பெர்க் கண்டுபிடித்தார். ஆன்-வில் ஹார்சிங் 2017-இல் அதை வெளியே கொண்டுவந்தார். மாதிரி வரியை அழிக்க மறந்தவர்களும், வேறெங்கோ பார்த்து எடுத்துக்கொண்டவர்களும் சேர்ந்து அந்த மாயக் கட்டுரையை வாழவைத்திருக்கிறார்கள். வடிவம் மட்டும் கச்சிதமாக இருந்தால் உள்ளீடு இல்லாத வரியும் உண்மை போலவே நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அப்படிப்பட்ட வரிகளைக் கேட்ட மாத்திரத்தில் எழுதிக் கொடுக்கின்றன. ஆசிரியர் பெயர், இதழ்ச் சுருக்கம், தொகுதி, பக்கம் எல்லாம் இலக்கணப் பிழையின்றி இருக்கும். போய்ப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் வேறு ஏதோ கட்டுரை.

தருமபுரி நீருக்கு இது ஏன் முக்கியம் என்று கேட்கலாம். புளோரைடை அளக்கும் வேதியியலுக்குள் போய்ப் பார்த்தால் விளங்கும்.

கல்லூரி ஆய்வகங்களிலும் குடிநீர்ப் பரிசோதனைக் கூடங்களிலும் பழக்கமான ஒரு முறைக்கு ‘ஸ்பாட்ன்ஸ்’ என்று பெயர். சிர்கோனியம் உப்போடு ஒரு சாயத்தைச் சேர்த்தால் நல்ல சிவப்பு நிறம் வரும். அதில் புளோரைடு உள்ள நீரை விட்டால், புளோரைடு சிர்கோனியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நிறமற்ற ஒரு சேர்மமாகிவிடும். சாயம் தன் துணையை இழந்து வெளுக்கும். எவ்வளவு வெளுத்ததோ அவ்வளவு புளோரைடு. வெளுப்பை 570 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளக்கிறார்கள். எளிது, விரைவு, செலவு குறைவு. பெல்லாக், ஷூபோ என்ற இருவர் இதை ‘அனலிட்டிகல் கெமிஸ்ட்ரி’ இதழில் 1958-இல் வெளியிட்டார்கள்: தொகுதி 30, பக்கம் 2032.

ஆனால் நீரில் அலுமினியம் இருந்தால் இந்த முறை ஏமாந்துவிடும். அலுமினியமும் புளோரைடை இறுகப் பிடித்துக்கொள்ளும். சிர்கோனியத்துக்குப் போக வேண்டிய புளோரைடு அதனிடம் சிக்கிக்கொள்ள, சாயம் வெளுக்க வேண்டிய அளவுக்கு வெளுக்காது. கருவி குறைந்த எண்ணைக் காட்டும். முதலில் நீரைக் காய்ச்சி வடித்துப் புளோரைடைப் பிரித்தெடுத்து அளந்தால்தான் சரியாக வரும். இப்போது கவனியுங்கள்: புளோரைடை நீக்க நம் நாட்டில் நாக்பூர் நீரி நிறுவனம் வகுத்த நல்கொண்டா முறையில் சேர்ப்பது படிகாரமும் சுண்ணாம்பும். படிகாரம் என்பது அலுமினியத்தின் உப்பு! சுத்திகரித்த நீரில் கொஞ்சம் அலுமினியம் மிஞ்சியிருக்க, அதை வடிக்காமல் நேரடியாக ஸ்பாட்ன்ஸ் முறையில் அளந்தால், புளோரைடு உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். சுத்திகரிப்பு வெற்றி என்று அறிக்கை எழுதிவிடலாம். குடிக்கிறவர் உடம்புக்குப் போவது என்னவோ உண்மையான அளவுதான்.

1966-இல் ஃபிரான்ட், ராஸ் என்ற இருவர் ‘சயின்ஸ்’ இதழில் (தொகுதி 154, பக்கம் 1553) வேறொரு வழி காட்டினார்கள். யூரோப்பியம் கலந்த லாந்தனம் புளோரைடு படிகம் ஒன்றைக் குழாயின் முனையில் பொருத்திய மின்முனை அது. புளோரைடு அயனிக்கு மட்டும் அந்தப் படிகம் மின்னழுத்தம் காட்டும். இரண்டு ஆண்டு கழித்து அவர்களே ‘டிசாப்’ என்று இன்று எல்லோரும் அழைக்கும் கரைசலையும் கொண்டுவந்தார்கள். அதில் சேர்க்கும் பொருள் அலுமினியத்தைத் தான் பிடித்துக்கொண்டு புளோரைடை விடுவிக்கும். அதன் பிறகு அளந்தால் எண் நேராக வரும்.

ஆகவே ‘நீரில் புளோரைடு லிட்டருக்கு 0.9 மில்லிகிராம்’ என்ற எண் தன்னந்தனியாக நின்றால் அதற்கு அர்த்தம் அரைகுறைதான். பெல்லாக், ஷூபோ முறையா, ஃபிரான்ட், ராஸ் முறையா, வடித்தார்களா இல்லையா என்பது தெரிந்தால்தான் அது தகவலாகிறது. அந்தச் சிறு மேலெழுத்து எண், அளவீட்டின் அலகைப் போலவே அளவீட்டின் ஒரு பகுதி. மில்லிகிராம் என்று போடாமல் விட்டால் எப்படிக் குறையோ, முறையின் மேற்கோளைப் போடாமல் விடுவதும் அப்படித்தான் குறை. இதுவரை உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரையும் பெரிய தத்துவம் எதையும் சொன்னதல்ல, ஓர் அளவீட்டு முறையைச் சொன்னதுதான். புரதத்தை அளக்கும் வழியை லௌரியும் சகாக்களும் 1951-இல் எழுதினார்கள். 2014-இல் ‘நேச்சர்’ இதழ் கணக்கெடுத்தபோது அது 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பட்டியல்களில் இடம்பெற்றிருந்தது. இப்படி எண்ணிப் பார்க்கும் வசதியைக் கொண்டுவந்த யூஜின் கார்ஃபீல்டும் வேதியியல் படித்தவரே. எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார் என்று பின்னோக்கிப் பார்க்கும் அவருடைய ‘சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ 1964-இல் வெளிவந்தது.

நம்மவர்களுக்கென்று தனியாக ஒரு தலைவலி இருக்கிறது, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் நிற்கும் முதலெழுத்து அப்பாவுடையது, பின்னால் வருவது நம்முடையது. மேலைநாட்டு முறையில் விண்ணப்பம் நிரப்பும்போது ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டத்தில் பலர் அப்பா பெயரை எழுதிவிடுகிறார்கள். அதன் பிறகு உலகம் முழுவதும் மேற்கோளில் வருவது அப்பாவின் பெயர். 2009-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் வெங்கட்ராமன். ராமகிருஷ்ணன் என்பது அவருடைய தந்தையார், உயிர்வேதியியலாளர் சி. வி. ராமகிருஷ்ணன். மகனின் ரிபோசோம் கட்டுரைகள் ‘ராமகிருஷ்ணன், வி.’ என்றும், தந்தையின் கட்டுரைகள் ‘ராமகிருஷ்ணன், சி. வி.’ என்றும் அட்டவணைகளில் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலெழுத்தை ஒருவர் சோம்பலில் விட்டால் அப்பா கண்டுபிடித்ததை மகன் தலையிலும் மகன் கண்டுபிடித்ததை அப்பா தலையிலும் ஏற்றிவிடலாம்.

இன்னொரு குடும்பத்தில் முதலெழுத்தும் கைகொடுக்கவில்லை. வெண்குறு விண்மீன்களின் எடை வரம்பைக் கணித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் சர் சி. வி. ராமனின் அண்ணன் மகன். வட்டத் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று 1977-இல் ‘பிரமாணா’ இதழில் (தொகுதி 9, பக்கம் 471) சதாசிவா, சுரேஷ் ஆகியோருடன் சேர்ந்து காட்டிய சிவராமகிருஷ்ண சந்திரசேகர் ராமனின் சகோதரி மகன். இருவரும் மேற்கோளில் ‘சந்திரசேகர், எஸ்.’ என்றுதான் வருவார்கள். ஒருவர் விண்மீன், ஒருவர் திரவப் படிகம், பெயர் ஒன்று! இதழின் பெயரும் தொகுதியும் பக்கமும் இல்லாவிட்டால் பிரிக்க வழியில்லை. இந்தக் குழப்பத்துக்காகத்தான் 2012 முதல் ‘ஆர்கிட்’ என்ற 16 இலக்க எண்ணை ஆய்வாளர் ஒவ்வொருவரும் தமக்கென்று வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. இலவசம்தான். ஆய்வில் காலெடுத்து வைக்கும் தமிழ் மாணவர் முதல் கட்டுரைக்கு முன்பே அதை வாங்கிவைத்து, தம் பெயரை எந்த வரிசையில் எழுதப்போகிறோம் என்று ஒருமுறை தீர்மானித்து, கடைசிவரை மாற்றாமல் இருப்பது நல்லது.

பெயர் மாறுவது ஆட்களுக்கு மட்டுமல்ல. நல்கொண்டா முறையை 1975-இல் வெளியிட்ட ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் என்விரான்மென்ட்டல் ஹெல்த்’ (தொகுதி 17, பக்கம் 26) பிற்காலத்தில் வேறு பெயருக்கு மாறிவிட்டது. ‘அங்கேவாண்டெ கெமி’ என்ற ஜெர்மன் இதழ் 1962 முதல் ஆங்கிலப் பதிப்பு ஒன்றையும் நடத்துகிறது. நெடுங்காலம் ஒரே கட்டுரைக்கு இரண்டு பதிப்பிலும் வேறுவேறு பக்கங்கள் இருந்தன, தொகுதி எண்ணில் 73 வித்தியாசம். யூரியாவை ஆய்வகத்தில் செய்துகாட்டிய வோலரின் 1828-ஆம் ஆண்டுக் கட்டுரைக்குக்கூட இரண்டு தொகுதி எண்கள் உண்டு: புது வரிசையில் 12, மொத்த வரிசையில் 88. ஏதேனும் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றது பிழை என்று முடிவு கட்டக் கூடாது.

இடப்பெயர்களும் மாறுகின்றன. தருமபுரி ஆய்வாளர்கள் இங்கேதான் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 1965 அக்டோபர் 2 வரை தருமபுரி என்று ஒரு மாவட்டமே கிடையாது, அது சேலம் மாவட்டத்தின் பகுதி. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது. ஆக, 1990-களில் வந்த ஒரு கட்டுரை ‘தருமபுரி மாவட்ட நிலத்தடி நீர்’ என்றால் அதில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் அடக்கம். அதன் சராசரியை எடுத்து இன்றைய தருமபுரியின் சராசரியோடு ஒப்பிட்டு, புளோரைடு ஏறிவிட்டது என்றோ இறங்கிவிட்டது என்றோ சொன்னால் அந்த முடிவுக்குக் காலே இல்லை. 1937 கட்டுரை நெல்லூர் என்று சொன்ன வட்டாரங்களில் கனிகிரி, பொதிலி பகுதிகள் 1970-இல் உருவான பிரகாசம் மாவட்டத்துக்குப் போய்விட்டன. மேற்கோள் வரியில் தடித்த எழுத்தில் ஆண்டு நிற்பது எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன். எண்ணைப் போலவே எல்லையும் அந்த ஆண்டுக்குரியது. தரங்களை எழுதும்போதும் அப்படித்தான். ‘ஐஎஸ் 10500’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘ஐஎஸ் 10500:2012’ என்று முக்காற்புள்ளிக்குப் பின் ஆண்டையும் எழுத வேண்டும், ஏனென்றால் தரம் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும்.

இன்று இந்தச் சிரமங்களில் பாதியை ‘டிஓஐ’ என்ற எண் தீர்த்துவைக்கிறது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் பழக்கத்துக்கு வந்த இந்த எண் கட்டுரைக்குக் கட்டுரை வேறுபடும். 10.1021 என்று தொடங்கினால் அமெரிக்க வேதியியல் சங்கம் வெளியிட்டது, 10.1039 என்றால் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி. இதழின் பெயர் மாறினாலும், வலைத்தளம் இடம் மாறினாலும் அந்த எண் கட்டுரையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். பழைய இந்திய இதழ்கள் பலவற்றுக்கு அந்த எண் கிடையாது என்பதால் நமக்கு இன்னும் தொகுதியும் பக்கமும்தான் துணை. ‘இந்தியன் மெடிக்கல் கஸட்’டின் பழைய தொகுதிகள் பப்மெட் சென்ட்ரல் தளத்தில் படமாக, இலவசமாகக் கிடைக்கின்றன.

தருமபுரி கல்லூரிகளில் வேதியியல் முதுகலை முடித்து, சொந்த ஊர் கிணற்று நீரைப் பாட்டிலில் பிடித்துவந்து ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அந்த நீரின் எண்கள் இருபது ஆண்டு கழித்து இன்னொருவருக்குத் தேவைப்படும். அவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: பட்டியலில் ஏற்றும் ஒவ்வொரு கட்டுரையையும் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். திறக்க முடியாததை, எந்தக் கட்டுரை வழியாகத் தெரிந்துகொண்டீர்கள் என்று சொல்லி எழுதுங்கள். அளந்த முறையின் மூலத்தையும், நீரை வடித்தீர்களா என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே குறியுங்கள். கிணறு இருக்கும் ஊர், வட்டம், மாவட்டம், எடுத்த தேதி நான்கையும் எழுதுங்கள். வழிகாட்டும் பேராசிரியர்கள் வைவாவில் பட்டியலிலிருந்து ஏதேனும் ஒரு வரியைத் தொட்டு, ‘இந்தக் கட்டுரையில் என்ன இருக்கிறது, சொல்’ என்று ஒரு கேள்வி கேளுங்கள்.